தரைத்தள வீட்டை நாங்கள் கைப்பற்றிய வரலாறு

அன்பு மகளுக்கு,

எழுதுவது உன் சித்தப்பா, சகல கலைகளிலும் வல்லவர், குறட்டையில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வல்லவர். நானும் உன் சித்தியும் இங்கே சுகம். சித்தியின் முழங்கால்கள் இரண்டும் சுகம். ஒரு வருடமாக அவை தனி அரசாங்கம் நடத்தி வருவதால் அவற்றைப் பற்றித் தனியாக எழுதுவதுதான் மரியாதை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாகத்தான் இருப்பீர்கள், இல்லையென்றால் ஒரு வரி எழுது, கப்பலோ விமானமோ கிடைக்காவிட்டால் நீந்தியாவது வந்து உங்களைச் சுகப்படுத்திவிட்டுத் திரும்புகிறேன். உன்னைப் பெற்றது என் அண்ணன் என்றாலும் நடை பழகிய நாளிலிருந்து நீ வளர்ந்தது எங்கள் கையில், அதனால் தகப்பன் உரிமையோடும் சித்தப்பனுக்கே உரிய அதிகப்பிரசங்கித்தனத்தோடும் சொல்கிறேன், வென்றுவிட்டோம். தரைத்தள வீடு நம்முடையது. எப்படி வென்றோம் என்பதை நானே முந்திக்கொண்டு எழுதிவிட வேண்டும், ஏனென்றால் நம் வெள்ளைச்சட்டைத் தரகர் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார், அவருக்கு உன் தொலைபேசி எண்ணும் தெரியும், அவர் வாயால் நீ கேட்டால் அதில் எனக்குக் கோமாளி வேஷம்தான் கிடைக்கும்.

பழைய வீட்டு மாடிப்படி உனக்குத் தெரியும், இமயமலை ஏறுகிறவர்கள் எங்கள் வீட்டில் வந்து பயிற்சி எடுத்துக்கொண்டு போகலாம். படுக்கையறை மேலே, குளியலறை மேலே, உன் சித்தியின் முழங்கால்கள் மட்டும் கீழே. கடைசியில் அவள் மாடி ஏறுவதையே விட்டுவிட்டு ஹால் சோபாவில் படுக்க ஆரம்பித்தாள். அந்தச் சோபாவில் காலை நீட்டினால் தலை வெளியே, தலையை வைத்தால் கால் வெளியே. நான் பக்கத்தில் தரையில் பாய் போட்டுக்கொண்டேன். “நீங்களாவது மேல போய் ஒழுங்கா படுங்களேன்” என்பாள், “நான் மேல போயிட்டா என் குறட்டை இல்லாம உனக்கு எப்படித் தூக்கம் வரும்” என்பேன். அவள் குறைப்பட்டுக்கொண்டதே இல்லை. ஆனால் ஒருநாள் நான் கடையிலிருந்து வந்தபோது படிக்கட்டின் கீழே நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, போய்விட்ட ரயிலைப் பார்ப்பது போல மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தூசி துடைப்பது போல நடித்தாள். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த வீட்டை விற்கிறோம், படியே இல்லாத வீட்டில் இவளைக் காலை நீட்டிப் படுக்க வைக்கிறோம், குறுக்கே சட்டமே வந்தாலும் சரி என்று. பார், சொல்லி வைத்தது போலச் சட்டமே வந்தது.

வீட்டுத் தரகு விதிகள் மாறிவிட்டன, அங்கேயும் இதே பேச்சாகத்தான் இருக்கும். முன்பெல்லாம் வீட்டை விற்கிறவர்தான் தன் தரகருக்கும் கொடுப்பார், வாங்குகிறவரைக் கூட்டி வந்த தரகருக்கும் கொடுப்பார், நூற்றுக்கு இத்தனை என்று. ஏன் என்று எவரும் கேட்டதில்லை. இப்போது அவரவர் தரகருக்கு அவரவர் பேசிக் கொடுக்க வேண்டும், அதோடு வாங்குகிறவருக்கு ஒரு வீட்டுக் கதவைத் திறந்து காட்டும் முன்பே அவருடைய தரகர் தன் கூலியை எழுத்தில் ஒப்பந்தமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். இதைப் பத்திரிகையில் படித்ததும் எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. நம் வீட்டை விற்றுக் கொடுக்க வந்த வெள்ளைச்சட்டை, வழக்கம்போல இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு கணக்கைச் சொன்னார். “உனக்கு நான் தரேன்ப்பா, எதிர் டீமுக்கும் நானே சம்பளம் கொடுத்து எனக்கு எதிரா விளையாட விடணுமா?” என்று கேட்டேன். “அண்ணே, காலங்காலமா அப்படித்தானண்ணே” என்றார். “காலம் மாறிடுச்சு, நீ சட்டையை மட்டும் தினம் மாத்துறே” என்றேன். அந்த வசனத்துக்கு ஊரே எழுந்து நின்று கை தட்டியிருக்க வேண்டும், ஆனால் அறையில் உன் சித்தி மட்டும்தான் இருந்தாள், அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நம் வாசலில் ஈ காக்கை இல்லை. வாங்குகிறவரைக் கூட்டி வந்தால் என்னிடம் காசு பெயராது என்று தெரிந்ததும் மற்ற தரகர்கள் எங்கள் தெருவையே தங்கள் வரைபடத்திலிருந்து அழித்துவிட்டார்கள். “இன்னும் கொஞ்சம் வசனம் பேசுங்க, வர்ற ஒண்ணு ரெண்டு பேரும் ஓடிடட்டும்” என்று சித்தி வாழ்த்தினாள். கடைசியில் அச்சகம் வைத்திருக்கும் ஒரு தம்பதி வந்தார்கள். அவர்களுக்குப் படி பிடித்திருந்ததாம், பிள்ளைகள் ஏறி இறங்கி விளையாடுமாம். எல்லாம் பேசி முடிக்கும் சமயத்தில் அந்த அச்சகக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, “முன்ன மாதிரி இல்ல சார், எங்க புரோக்கருக்கு நாங்கதான் கொடுக்கணும், அதனால விலையில கொஞ்சம் பார்த்துப் போடுங்க” என்றார். ஆக, முன்வாசல் வழியாக நான் வரவழைத்த லாபத்தில் பாதி பின்வாசல் வழியாக நடந்து போனது. மீதிப் பாதி தங்கிவிட்டது பார், அதைத்தான் சரித்திரம் வெற்றி என்று எழுதும். வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருந்ததால் பணத்தில் பாதி அவள் கணக்குக்கும் பாதி என் கணக்குக்கும் போனது. இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வெடிக்கும்.

அடுத்து நாம் வாங்கும் பக்கம். முதல் வீட்டுப் பூட்டில் சாவியை வைப்பதற்கு முன் வெள்ளைச்சட்டை ஒரு காகிதத்தை நீட்டி, “அண்ணே, இப்ப நீங்கதான் எதிர் டீம், உங்க ஆளுக்கு நீங்கதான் சம்பளம்” என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தில் ஒரு தெருவுக்கே விளக்குப் போடலாம். வீட்டு விலையில் நூற்றுக்கு இவ்வளவு என்று போட்டிருந்தது, ராஜ கம்பீரத்தோடு கையெழுத்துப் போட்டேன். உள்ளே போனால், மகளே, வாசற்படி கூட இல்லை. பெரிய கதவுகள், படுக்கையறையை ஒட்டியே குளியலறை, ஜன்னலைத் திறந்தால் ஒரு சின்ன முற்றம், அதில் முழு வெயில். ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவரின் வீடு, அவர் மகனோடு போய்விட்டார், சாவி அவருடைய தரகர் அலுவலகத்தில் இருந்தது. அன்றைக்குச் சித்திக்கு நடக்க முடியாததால் நான் மட்டும்தான் பார்த்தேன். வீடு திரும்பி அவளிடம் ஜன்னலை வர்ணித்தேன், வெயிலை வர்ணித்தேன், பாதியில் எனக்கு ஒரு மகத்தான யோசனை வந்தது. இவளுக்குச் சொல்லாமல் வாங்கி, சாவியை உள்ளங்கையில் வைத்தால் எப்படி இருக்கும்! உடனே குரலை மாற்றி, “ஆனா நமக்கு அது சரிப்படாது, சுவரெல்லாம் ஈரம், விலையும் கொள்ளை, விட்டுட்டேன்” என்றேன். மறுநாளே வெள்ளைச்சட்டை மூலம், கேட்ட விலையைவிடக் கொஞ்சம் குறைத்து என் விலையை அனுப்பினேன்.

சில நாளில் அவர் வந்து, “அண்ணே, இன்னொரு பார்ட்டி புகுந்திருக்கு, உங்களைவிட ஏத்திக் கேக்குறாங்க, யாரோ பிடிவாதக்கார அம்மாவாம்” என்றார். நானும் ஏற்றினேன். அந்த அம்மாவும் ஏற்றினாள். கேட்ட விலையைத் தொட்டோம், தாண்டினோம். வயிற்றெரிச்சலை யாரிடமாவது கொட்ட வேண்டுமே, சித்தியிடமே மாற்றிச் சொன்னேன், ஒரு பழைய அலமாரி வாங்கப் பார்க்கிறேன், ஒரு பேராசைக்காரி குறுக்கே வந்து விலையை ஏற்றுகிறாள் என்று. “அவளுக்கா விட்டுக் கொடுக்கப் போறீங்க? ஏத்திக் கேளுங்க, அப்பத்தான் அடங்குவா” என்றாள் உன் சித்தி. பிறகு அவளும் பெருமூச்சு விட்டு, தன் தையல்கடைக்கு ஒரு கட்டுத் துணி எடுக்கப் பார்ப்பதாகவும், யாரோ ஒரு கஞ்சன் போட்டிக்கு வந்து உயிரை வாங்குவதாகவும் சொன்னாள். எனக்கு ரத்தம் கொதித்தது. “அந்தக் கஞ்சனை மண்ணைக் கவ்வ வை, நான் இருக்கேன்” என்று மேஜையில் குத்தினேன். குத்திய கை இன்னும் வலிக்கிறது. இப்படி ஒருவருக்கு ஒருவர் தைரியம் சொல்லிச் சொல்லியே அந்த விலையை வானத்தில் ஒட்டவைத்தோம்.

நர்ஸுக்கே இது பொறுக்கவில்லை போல, இரண்டு பேரையும் அந்த வீட்டுக்கே நேரில் வரச்சொல்லிவிட்டார். நான் முடி வெட்டிக்கொள்ளப் போவதாகச் சித்தியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன், அவள் முழங்கால் டாக்டரிடம் போவதாகச் சொன்னாள், நானே வண்டிக்குச் சொல்லிவிட்டு வந்தேன். வாசலில் வெள்ளைச்சட்டை காத்திருந்து, “எதிர்ப் பார்ட்டி உள்ள வந்தாச்சாம்ணே, சாதுவாத்தான் இருக்காங்களாம்” என்று காதில் சொன்னார். நெஞ்சை நிமிர்த்தி, மீசையைத் தடவி, சேனாதிபதி போல உள்ளே நுழைந்தேன். அந்தக் காலி ஹாலில் இருந்த ஒரே நாற்காலியில், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு, உன் சித்தி. “முடி இங்கதான் வெட்டுறாங்களா?” என்றாள். “முழங்கால் டாக்டர் இங்கதான் உட்கார்றாரா?” என்றேன். அவள் பக்கத்தில் நின்ற பெண் தரகர், கண்ணாடியம்மா என்பார்கள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னை மறுபடி பார்த்தார். நர்ஸ், “யாரும்மா இவர்?” என்று கேட்டார். “எதிர்க்கட்சி, வீட்டுலயும் இவர்தான்” என்றாள் சித்தி. விஷயம் இதுதான், நான் ஜன்னலை வர்ணித்தபோது என் கண்ணைப் பார்த்திருக்கிறாள், பிறகு ஈரம் என்று சொன்னபோதும் பார்த்திருக்கிறாள். இந்த மனுஷனுக்கு வீடு பிடித்திருக்கிறது, பேரம் படியாமல் கோட்டை விட்டுவிட்டு வந்து ஈரம் கீரம் என்று சமாளிக்கிறார் என்று நினைத்து, தன் பாதிப் பணத்தையும் தையல்கடைச் சேமிப்பையும் வைத்துத் தானே வாங்கி என் உள்ளங்கையில் சாவியை வைப்பது என்று தீர்மானித்திருக்கிறாள். வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு தரகரோடு ஒப்பந்தம் போட வேண்டுமே, கண்ணாடியம்மாவோடு போட்டிருக்கிறாள். ஒரே குடும்பம், ஒரே வீடு, இரண்டு ஒப்பந்தம், இரண்டு தரகர். சட்டம் எழுதியவர்கள் எங்களைப் போன்ற ஒரு ஜோடியைக் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டார்கள்.

எல்லோரும் சிரித்து ஓய்ந்தபோதுதான் நர்ஸ் பக்கத்துத் தரகர் தொண்டையைச் செருமி, “இருந்தாலும் அம்மா எழுதிக் கொடுத்த கடைசி விலை அப்படியே நிக்குது” என்றார். மகளே, அந்த விலைக்கு அவள் பணம் போதாது, என் பாதியையும் துடைத்துப் போட்டால்தான் வாங்கலாம், அதன் பிறகு மருந்து வாங்கக்கூட மிச்சம் இருக்காது. வேண்டாம் என்றால் பழைய வீட்டைக் காலி செய்ய வாங்கிய தவணை முடிந்து அச்சகக்காரர் பெட்டி படுக்கையோடு வந்து நிற்கப்போகிறார், வாடகைக்கு இன்னொரு மாடிதான் கிடைக்கும். நர்ஸ் சித்தியிடம், “அந்த ரூம் வரைக்கும் நடந்து காட்டுங்கம்மா” என்றார். சித்தி தடியை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, சுவரைத் தொடாமல், படுக்கையறை வரை மெதுவாக நடந்து போய் வெயில் விழும் ஜன்னல் ஓரத்தில் நின்றாள். நர்ஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார், தொழில் விட்டாலும் கண் விடாது போல. பிறகு சொன்னார், “நான் முதல்ல சொன்ன விலை போதும். அதுக்கு மேல ஏறினதெல்லாம் நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் ஏத்தினது, அது என் வீட்டு விலை இல்ல.” அவருடைய தரகர் எதையோ விழுங்கினார், அது என்ன என்று நான் கேட்கவில்லை. நான் அழவில்லை, ஜன்னல் வெயில் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

இனி இரண்டு தரகர்களுக்கும் யார் கொடுப்பது என்ற கேள்வி. இங்கேதான் உன் சித்தி உலக வரலாற்றில் இடம் பிடித்தாள். நான் பத்திரிகையைக் கரைத்துக் குடித்தவன், நூற்றுக்கு இவ்வளவு என்று கையெழுத்துப் போட்டவன். அவள் கண்ணாடியம்மாவிடம், “விலை ஏற ஏற உங்க கூலியும் ஏறும்னா நீங்க யார் பக்கம்மா?” என்று கேட்டு, விலை ஏறினாலும் இறங்கினாலும் இவ்வளவுதான் என்று மொத்தமாகப் பேசி முடித்திருந்தாள். கண்ணாடியம்மாவே, “இந்தக் கேள்வியை இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேக்கல” என்றாராம். என் ஒப்பந்தத்தில் நான் வாங்கினால்தான் கூலி, அதனால் வீடு உன் சித்தி பெயரில் மட்டும் என்று ஆயிற்று. அதற்காக வெள்ளைச்சட்டையை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை, ஏதாவது வாங்கிக்கொள் என்றேன். “பழைய வீட்டுலதான் வாங்கிட்டேனேண்ணே, இதுக்குப் பணம் வேண்டாம், இந்தக் கதையைப் போற இடமெல்லாம் சொல்லிக்க உரிமை மட்டும் கொடுங்க” என்றார். கொடுத்துத் தொலைத்தேன். நூற்றுக்கு நூறும் அவருக்கே.

குடிவந்த அன்று பெட்டிகளைக்கூடப் பிரிக்கவில்லை, உன் சித்தி மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் படுக்கையறைக்குப் போய்க் கட்டிலில் காலை முழுசாக நீட்டிப் படுத்தாள், படுத்த உடனே தூங்கியும் போனாள். அறைக் கதவு திறந்தே இருந்தது. நான் வெளியில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து காவல் காத்தேன், பக்கத்து வீட்டுக்காரர் தட்டிய வாசல் கதவைத் திறந்து, “ஓனர் தூங்குறாங்க, அப்புறம் வாங்க” என்று திருப்பி அனுப்பினேன்.

நீங்களும் வீடு பார்ப்பதாக எழுதியிருந்தாய். கதவைத் திறக்கும் முன் நீட்டும் காகிதத்தில் ராஜ கம்பீரத்தோடு கையெழுத்துப் போடாதே. என்ன வேலைக்கு எவ்வளவு, எது வரைக்கும், பிடிக்காவிட்டால் எப்படி விலகுவது என்று கேள். மொத்தமாகப் பேசப் பார். விற்கிறவரே உன் தரகர் செலவில் பங்கு ஏற்பாரா என்றும் கூச்சமில்லாமல் கேள், கேட்டால் வாய் தேய்ந்துவிடாது. எல்லாவற்றுக்கும் முதலில் மாப்பிள்ளையிடம், அவர் இந்த வாரம் எந்த அலமாரியை விலை கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று விசாரி. வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் சாப்பிட விடு. நீங்கள் இருவரும் நீண்ட காலம், ஒரே பக்கத்தில், நிறைவாக வாழ எங்கள் ஆசீர்வாதம். விடுமுறைக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று வீட்டுச் சொந்தக்காரி உத்தரவு. உனக்கென்று ஒரு அறை இருக்கிறது, பெட்டியைத் தூக்க வேண்டாம், தெருவிலிருந்து உருட்டிக்கொண்டே நேராக உள்ளே வந்துவிடலாம்.

இப்படிக்கு,
உன் சித்தியின் வீட்டில் வாடகையில்லாமல் குடியிருக்கும்
உன் சித்தப்பா