ஏறாத மலைக்கு ஒரு நன்றிச் சீட்டு

ஜனவரி 8, 2025, புதன்

காலை பதினொன்றுக்கு மலையேற்றப் பதிவு திறந்தது. பதினொன்று ஏழுக்கு இடமெல்லாம் தீர்ந்தது. அந்த ஏழு நிமிடத்துக்குள் மூன்று பெயர்களைப் பதிந்துவிட்டேன்: விமலகுமாரி, அம்மிணி, நான். அகத்தியர்கூடம், பிப்ரவரி 4 முதல் 6 வரை. வயது என்ற கட்டத்தில் எழுபது என்று இட்டபோது கணினி சற்று நேரம் சுற்றிக்கொண்டே நின்றது. சந்தேகம் போலும். பிறகு ஒப்புக்கொண்டது.

விமலாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். எம்.எஸ்ஸி. தாவரவியலில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். நான் கல்லூரியில் கற்பிக்கப் போனேன். அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றாள். இன்றைக்கும் தொலைபேசியில் அசெம்பிளிக் குரல்தான். “கர்த்தர் வழி திறந்தாரு, பாத்தியா” என்றாள். விரல் நோக அழுத்தித் திறந்தது நான்.

ஜனவரி 11, சனி

ஏன் இந்த மலை என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

1977. எங்கள் வகுப்பிலிருந்து பதினொரு பேரை அந்த மலைக்கு அழைத்துப்போனார்கள். போணக்காட்டுத் தேயிலைத் தோட்டம் வரை பதினொரு பேர். அதற்கு மேலே எட்டுப் பேர். பெண்கள் மூவரும் தோட்டத்துக் கொட்டகையில் இருந்து, பையன்கள் கொண்டுவரும் பெரணிகளைத் தாளில் அழுத்தி உலர்த்த வேண்டும் என்று உத்தரவு. உலர்த்தினோம். தாளின் கீழே சேகரித்தவர் என்ற இடத்தில் அவர்கள் பெயர். என் கையெழுத்தில்.

பெண்களுக்கு வழி திறந்து ஆறு வருடமாகிறது. முதலில் மூட்டுவலி, பிறகு கொரோனா, பிறகு பதிவு கிடைக்காமை. எழுபத்தொன்றை நம்பி இதை ஒப்படைக்க நான் தயாரில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

மருத்துவச் சான்றிதழ் வாங்கியாயிற்று. இந்த வயதில் எதற்காக ஏறுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். இறங்குவதற்காக என்றேன்.

ஜனவரி 19, ஞாயிறு

ஆராதனை முடிந்து விமலாவின் வீட்டில் கூடினோம். அம்மிணியும் கள்ளிக்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். அரசு மருத்துவமனையில் முப்பத்திரண்டு வருடம் நர்ஸ். இப்போது வீடுவீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்கு மருந்து வைத்துக் கட்டுகிறாள், ஊசி போடுகிறாள். என் மூட்டுக்கு மருந்து தேய்க்க வந்து, மலைக் கதை கேட்டு, தானும் வாறேன் என்றவள். எங்களைவிட ஒன்பது வயது இளையவள்.

விமலா ஒரு நிபந்தனை வைத்தாள். ஏறினால் மூன்று பேரும் சேர்ந்து ஏறுவது, இல்லையென்றால் மூன்று பேரும் சேர்ந்து இறங்குவது. அதோடு நிறுத்தாமல் அதையே ஜெபமாகவும் செய்தாள். நீளமான ஜெபம். அம்மிணி எங்கள் சபையில்லை, கோவிலுக்குப் போகிறவள். இருந்தாலும் கையைக் கூப்பிக்கொண்டு கடைசிவரை நின்றாள். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். இருவருமே மெய்யாக நின்றார்கள்.

ஜனவரி 27, திங்கள்

ஒற்றசேகரமங்கலம் பக்கத்து ஏற்றங்களில் பை சுமந்து நடந்து பழகுகிறோம். இன்று ஒன்பது கிலோமீட்டர். ரப்பர்ப்பால் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், எந்தக் கோவிலுக்கு நேர்ச்சை என்று விசாரித்தார். பஸ்ஸைத் தவறவிட்டோம் என்று விமலா சொல்லிவைத்தாள். தலைமையாசிரியைகளுக்குப் பொய் வராது என்று யார் சொன்னது.

பிப்ரவரி 4, செவ்வாய்

அதிருமலை முகாம். சிறு நோட்டில் எழுதுகிறேன்.

காலையில் கிளம்பி மாலை நாலரைக்கு வந்து சேர்ந்தோம். மூன்று ஆறுகளைக் கடந்தோம். அட்டைகள் எங்களைக் கடந்தன. கடைசி ஏற்றத்துக்கு முட்டிடிச்சான் என்று பெயர். அடி எடுத்துவைத்தால் முட்டி நெஞ்சில் இடிக்கும். வழிகாட்டி பொன்னப்பன், இந்தக் காட்டுப் பழங்குடியான காணிக்காரர், ஐம்பது வயதிருக்கும். எங்கள் மூச்சைக் கேட்டு நடை வைக்கிறார், திரும்பிப் பார்ப்பதேயில்லை. எங்களோடு திருச்சூரிலிருந்து ஆறு பேர் அடங்கிய ஒரு கூட்டமும் வருகிறது.

நான் நன்றாயிருக்கிறேன். எழுதிவைக்க வேண்டிய செய்தி: மிக நன்றாயிருக்கிறேன்.

பிப்ரவரி 5, புதன்

ஏறவில்லை.

வரிசையாக எழுதுகிறேன். அம்மிணி காலையில் கஞ்சி வேண்டாம் என்று பாலில்லாத கட்டன்சாயா மட்டும் குடித்துவிட்டு நடந்தாள். உச்சிக்குச் சற்றுக் கீழே, பொங்காலைப்பாறையில் இரண்டு முறை வாந்தியெடுத்தாள், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, உப்பு குறைந்துவிட்டது என்றாள். அங்கே காவலர் ஒருவர் நாள் முழுக்க இருக்கிறார். நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்வாருங்கள் என்றார்.

“நீங்க ரெண்டு பேரும் போங்க டீச்சரே. நான் இந்தப் பாறையில காலு நீட்டிக் கெடப்பேன். வரும்ப எழுப்புங்க.”

நான் விமலாவைப் பார்த்தேன். அவள் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேகம் விலகி, கயிறு தொங்குகிற பாறை தெரிந்தது.

“அந்த வளைவு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வாறேன்” என்றாள்.

“நீ ஜெபம் பண்ணினியே.”

“வளைவு வரைக்கும்தானட்டீ.”

திருச்சூர்க்காரர்களோடு போனாள். பொன்னப்பன் என்னை ஒருமுறை பார்த்தார், நான் தலையசைக்கவில்லை, அவரும் போனார். வளைவு பத்து நிமிடத்தில் முடிகிற வளைவு. விமலா திரும்பி வர மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அம்மிணி உப்புத் தண்ணீர் குடித்து, அரை மணி தூங்கி, எழுந்து உட்கார்ந்து, பொங்கல் வைக்கும் பாறையில் தேங்கிய நீரில் முகம் கழுவி, நடந்தும் பார்த்துவிட்டாள். இப்போதாவது போங்களேன் என்று இரண்டாம் முறை சொன்னாள். நான் போகவில்லை.

விமலாவின் உள்ளங்கை இரண்டும் கயிற்றில் உரிந்திருந்தன. அழுதிருக்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, “மேல ஒண்ணும் இல்லட்டீ, ஒரே மேகமாக்கும்” என்றாள்.

எனக்காகச் சொன்ன பொய். உச்சி துடைத்துவைத்ததுபோல் இருந்ததைக் கீழேயிருந்து நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

இறங்கினோம். பதினைந்து கிலோமீட்டரில் விமலாவோடு நான் பேசியது ஒன்று: கல் வழுக்கும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எங்கள் சபையில் ஒரு வழக்கம். யாருக்காவது ஒரு நன்மை நடந்தால் — பிள்ளைக்கு வேலை, பேத்திக்குப் பிரசவம், அறுவை சிகிச்சை — காணிக்கையை உறையிலிட்டு, காரணத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். போதகர் அதைச் சபை கேட்க வாசிப்பார். ஊர்ச் செய்தி முழுவதும் அப்படித்தான் எங்களுக்குத் தெரியவரும்.

இன்று வாசித்தார்: “எழுபது வயதிலும் அகத்தியர்கூடத்தின் உச்சிவரை ஏறித் திரும்பப் பெலன் தந்ததற்காக, விமலகுமாரி.”

வெளியே வந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்திக்கு என் ஞாபகமும் வந்து, “நீங்களும் போயிருந்தியளா டீச்சரே?” என்று கேட்டாள். கஞ்சி குடிக்கப் போயிருந்தேன் என்றேன்.

பிப்ரவரி 15, சனி

நானும் ஒரு சீட்டு எழுதினேன். ஐந்து முறை எழுதிக் கிழித்து, ஆறாவது முறை வந்தது. ஆராய்ச்சிப் பட்டத்துக்குக்கூட ஒரு வாக்கியத்தோடு இவ்வளவு நேரம் மல்லுக்கட்டியதில்லை.

“வழியில் சோர்ந்து விழுந்த தோழி அம்மிணியைக் கைவிட்டு உச்சிக்கு ஏறாதபடி என் மனதைக் காத்துக்கொண்டதற்காக.”

கைவிட்டு என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. விமலாவுக்குப் புரியும். மற்றவர்களுக்கு மெள்ளப் புரியும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

போதகர் வாசித்தார். நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். இப்படியொரு சீட்டைத் தம் ஊழியத்தில் வாசித்ததில்லை என்றார். ஆயத்தம் செய்து வந்திருந்த பிரசங்கத்தை விட்டுவிட்டு, தாழ்மையைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினார். என்னை வைத்து. நான் தரையோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததும் தாழ்மைக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

முடிந்ததும் விமலா எல்லோர் முன்னிலையிலும் வந்து என் இரண்டு கையையும் பிடித்து அழுதாள். மன்னித்துக்கொள் என்றாள். பெண்களும் அழுதார்கள். குத்துவதற்குக் கொண்டுபோன கத்தியை வாங்கிச் சக்கைப்பழம் வெட்டி எல்லோருக்கும் பங்கிட்டுவிட்டார்கள்.

பிப்ரவரி 19, புதன்

அம்மிணி வந்தாள். உட்காரவில்லை.

பாறசாலையில் சுந்தரதாஸ் என்று எங்கள் சபைக்காரர் ஒருவர் பக்கவாதத்தில் கிடக்கிறார். அவரைப் புரட்டிப் படுக்கவைத்துப் புண்ணுக்குக் கட்டுப்போடுவது ஒன்றரை வருடமாக அம்மிணியின் வேலை. திங்கட்கிழமை போனபோது மருமகள் சிஜி வாசலிலேயே வைத்து, மலையில் சோர்ந்து விழுந்துவிட்டீர்களாமே, இனி ஆளைத் தூக்க உங்களால் ஆகுமா, எங்களுக்குப் பயமாயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். காட்டாக்கடையிலிருந்து வேறொருத்தியை ஏற்பாடு செய்துவிட்டார்களாம். இன்னொரு வீட்டிலும் அடுத்த மாதம் பார்ப்போம் என்றிருக்கிறார்கள்.

நான் சிஜியிடம் பேசுகிறேன் என்றேன். அம்மிணி அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

“நான் ஒங்கள இருக்கச் சொன்னேனா டீச்சரே?”

இல்லை என்றேன்.

“ரெண்டு தடவ போகச் சொன்னேன் இல்லியா?”

ஆமாம் என்றேன்.

“அப்பம் நீங்க இருந்தது எனக்காவ இல்ல. என்னய எடுத்து விமலா டீச்சர அடிச்சிய. அடி எனக்காக்கும் கொண்டது.”

குரலை உயர்த்தவில்லை. குடிக்கக் கொடுத்த தண்ணீரை வாங்கினாள். குடிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 20, வியாழன்

முப்பத்தைந்து வருடம் மாணவர்களின் விடைத்தாளைத் திருத்தியவள் நான். என்னுடையதையும் ஒருமுறை திருத்திப் பார்க்கலாம்.

கால் நன்றாயிருந்தது. மூச்சு நன்றாயிருந்தது. நேரம் இருந்தது. ஆள் துணை இருந்தது. அப்படியும் ஏன் உட்கார்ந்தேன்? அம்மிணிக்காக என்று பாறையில் இருந்தபோதே நான் நம்பவில்லை. விமலா தப்பு செய்ய வேண்டும், நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த மூன்று மணி நேரம் — சொல்லிவிடுகிறேனே — எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. உச்சியைவிட உயரமான இடத்தில் இருப்பதாக ஒரு நினைப்பு.

இன்னொன்று. 1977-இல் கொட்டகையில் உட்கார்ந்து பெரணி உலர்த்திய மூன்று பெண்களில் விமலாவும் ஒருத்தி. ஐம்பது வருடமாக அந்தக் கதையை என் கதையாக மட்டுமே வைத்திருந்திருக்கிறேன்.

பிப்ரவரி 22, சனி

சுந்தரதாஸின் வீட்டுக்குப் போனேன். உள்ளதைச் சொன்னேன்: அம்மிணி விழவில்லை, ஒரு கால்பிடிப்பு, அரை மணியில் எழுந்து நடந்தாள், நான்தான் கூட்டி எழுதினேன். சிஜி பாயசம் கொண்டுவந்து வைத்தாள். “டீச்சருக்க மனசு யாருக்கும் வராது. அவங்களுக்குச் சங்கடம் வரக்கூடாதுண்ணு இப்படிச் சொல்லுதிய” என்றாள்.

போதகர் என்னைப் புனிதவதியாக்கிவிட்டார். இனி நான் எந்த உண்மையைச் சொன்னாலும் தாழ்மைதான்.

மார்ச் 30, ஞாயிறு

விமலா ஆராதனையில் எனக்கு இடம்பிடித்து வைக்கிறாள். பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

அம்மிணியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நாலாவது முறை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மூட்டுத் தைலத்தை நானே தேய்த்துக்கொண்டேன். இதற்கு ஒரு நர்ஸ் எதற்கு.

அக்டோபர் 5, ஞாயிறு

விமலாவின் தம்பி வீட்டில் ஒரு கிழவிக்கு அம்மிணி மருந்து கட்டப் போகிறாளாம். விமலா சொல்லி ஏற்பாடு செய்தது. நாலு வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறாள். எனக்கு இது தோன்றவேயில்லை. எனக்குத் தோன்றியது சிஜியிடம் போய் விளக்கம் சொல்வது.

ஜனவரி 13, 2026, செவ்வாய்

பதினொரு மாதம் கழித்து அம்மிணி வந்தாள். இந்த முறை உட்கார்ந்தாள், காப்பியும் குடித்தாள். மலைக்குப் பதிவு செய்தாயிற்றாம், அவளும் விமலாவும்.

“மூணு பேராக்கும் போட்டிருக்கு. ஒங்க பேரும் உண்டு. கேக்காம போட்டதுக்கு ஏசுவியளோண்ணு விமலா டீச்சருக்குப் பயம். அதுதான் என்னய அனுப்பினாங்க. வாறியளா?”

முட்டி சரியில்லை என்றேன்.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் அமர்ந்தாள். என் முட்டியை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து, இங்கேயா, இங்கேயா என்று ஒவ்வொரு இடமாக அழுத்தினாள். வலிக்காத ஓரிடத்தில் ஆமாம் என்றேன். சற்று நேரம் கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

“சரி டீச்சரே. சூடுவெள்ளம் ஒத்தடம் பிடியுங்க” என்று எழுந்தாள்.

வழியனுப்பப் படியிறங்கிக் கேட் வரை கூடவே நடந்தேன். திரும்பி வரும்போதுதான் தோன்றியது: நொண்ட மறந்துவிட்டேன்.