ரட்லெட்ஜ் போகட்டும்

செப்டம்பர் 27, சனி

தோற்றோம். மழையில் நனைந்துகொண்டே தோற்றோம். கடைசி நிமிடங்களில் நாலாவது முயற்சி, அதாவது கடைசி வாய்ப்பு. ஒரு கெஜம் முன்னே போனால் பந்து நம்மிடமே இருக்கும். ஒரு கெஜம்! என் சமையலறை மேசை அதைவிட நீளம். நம் கோச் ரட்லெட்ஜ் என்ன செய்தார்? பந்தை உதைத்து அவர்களிடமே கொடுத்துவிட்டார். அவர்களும் வாங்கிக்கொண்டு, நிதானமாக நடந்துவந்து ஜெயித்துவிட்டுப் போனார்கள்.

பக்கத்து இருக்கை லைல், தொப்பியிலிருந்து தண்ணீரைப் பிழிந்தபடி சொன்னான்: "இந்தாளு கையில கார் சாவியைக் குடுத்துப் பாரு வெண்டல். ஆக்ஸிடென்ட் ஆயிடும்னு வீடுவரைக்கும் தள்ளிக்கிட்டே போவான்."

சிரித்தேன். சிரித்து என்ன? நான் படித்த கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி, ஸ்டேடியத்தில் என் அப்பா வாங்கி வைத்த இருக்கை, மூன்று வருடமாக இதே கூத்து.

செப்டம்பர் 28, ஞாயிறு

சர்ச் முடிந்து மகள் மேரிபெத் வீட்டில் சாப்பாடு. மாப்பிள்ளை காரெட் இல்லை. ரட்லெட்ஜுக்குக் கீழே, எதிரணியைத் தள்ளிப் பந்துக்கு வழி பிடிக்கிற முன்வரிசைப் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் அவன். ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸில் உட்கார்ந்து நேற்றைய ஆட்டத்தின் வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்க்கிறான்.

மகள் உருளைக்கிழங்கை என் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, ஸ்டேடியத்துல என்ன வேணா கத்துங்க. உங்க பேத்தி டெஸ் முன்னாடி மட்டும் 'ரட்லெட்ஜ் போகட்டும்'னு சொல்லாதீங்க. அவ ஸ்கூல்ல போய்ச் சொல்றா. அவரு போனா கூட இருக்கிறவங்க எல்லாரும்தான் போகணும். தெரியும்ல?"

"நல்லா வேலை செய்றவனை யாரும்மா அனுப்புவாங்க? புதுசா வர்றவன் காரெட்டை வச்சுக்குவான்."

தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். என் மனைவி டோரிஸ் இறந்தபோது இவள் இரண்டு மாநிலங்கள் தள்ளி இருந்தாள். இப்போது அடுத்த தெருவில் இருக்கிறாள். அதை நான் மறப்பேனா?

அக்டோபர் 11, சனி

மறுபடியும். எழுதப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 15, புதன்

புதன்தோறும் மாலை ரட்லெட்ஜ் பீட்சா கடையில் மைக் முன்னால் உட்கார்ந்து, ரேடியோவில் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வார். இன்று நானும் கூப்பிட்டேன். பெயர் ராய், பக்கத்து ஊர் என்றேன். மாப்பிள்ளைக்குச் சங்கடம் வரக்கூடாதே என்றுதான்.

"ஒரு கெஜம் தள்ளக்கூட நம்ம பசங்களுக்குத் தெம்பில்லையா கோச்?"

அவரைக் குத்துவதற்குத்தான் கேட்டேன். சத்தியமாக அவரைத்தான். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உண்மையைச் சொல்லணும்னா ராய், முன்வரிசை தள்ளும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. அங்கே பயிற்சி சரியில்ல. கவனிச்சிக்கிட்டு இருக்கோம்" என்றார்.

முன்வரிசை காரெட்டுடையது. போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

மேரிபெத் வந்தாள். குளிருக்குப் போட்ட மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

கடையில் கூட்டம் குறைந்துவிட்டதால் கோச்சுகளின் மனைவிகளை முறைபோட்டு உட்கார வைக்கிறார்களாம். நேற்று இவள் முறை. நான் பேசும்போது பின்னால் நம் நாய் குரைத்திருக்கிறது.

"கடை முழுக்க என்னைத் திரும்பிப் பாத்தாங்கப்பா. டச்சஸ் குரைக்கிறது எனக்குத் தெரியாதா? உங்க குரல்தான் எனக்குத் தெரியாதா?"

"அந்தாளு பழியை இப்படித் தூக்கிப் போடுவான்னு நான் என்ன கனவா கண்டேன்?"

"கேட்டது நீங்கதானே."

கிளம்பிவிட்டாள். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்து சாத்தியிருக்கலாம்.

நவம்பர் 2, ஞாயிறு

மேரிபெத் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடவில்லை. டின் சூப்.

நவம்பர் 29, சனி

பரம எதிரியிடம், நம் மைதானத்திலேயே, மானம் போகிற மாதிரித் தோல்வி. பாதியிலேயே ஸ்டேடியம் காலி. இருந்தவர்களெல்லாம் 'ரட்லெட்ஜ் போகட்டும்' என்று ஒரே குரலில். லைல் என் முதுகில் தட்டி, "என்னப்பா, வாயில கொழுக்கட்டையா?" என்றான். நானும் கத்தினேன். ஏன் கத்தினேன்?

மைதானத்து எல்லைக் கோட்டுக்கு வெளியே காரெட் தன் பையன்கள் ஒவ்வொருவரின் ஹெல்மெட்டிலும் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றான்.

நவம்பர் 30, ஞாயிறு

ரட்லெட்ஜை அனுப்பிவிட்டார்கள். தெருவெல்லாம் கார் ஹாரன். லைல் போன் செய்து, கேக் வாங்கி வைத்திருக்கிறேன், வா என்றான். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு அடுத்த தெருவுக்கு நடந்தேன். மேரிபெத்தின் கார் இருந்தது. மணியை அழுத்தத் துணிவில்லாமல் திரும்பிவிட்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

புதுக் கோச் வந்தார். அவருடைய ஆட்களும் கூடவே வந்தார்கள். காரெட்டுக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கினாராம். நல்ல பிள்ளை, வந்து என்னிடம் அவனே சொன்னான்.

"மரியாதையாத்தான் பேசினார் மாமா. முன்வரிசையைப் பத்தி ரட்லெட்ஜே ரேடியோவுல சொன்னதைக் கேட்டாராம். 'ஊரே அதைத்தான் பேசுது, உன்னை வச்சுக்கிட்டு நான் எப்படி ஆரம்பிக்கிறது?'ன்னு கேட்டார்."

"காரெட், அன்னிக்கு நான்—"

"விடுங்க மாமா. இந்தத் தொழில் இப்படித்தான்."

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜனவரி 10, சனி

மொன்டானாவில் ஒரு குட்டிக் கல்லூரி. போன வருடம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அணி. வேறு யாரும் போகாததால் காரெட் அங்கே தலைமைக் கோச். இன்று லாரி வந்தது. நானும் பெட்டி தூக்கினேன். டெஸ்ஸைக் காரில் அவளுடைய இருக்கையில் வைத்து பெல்ட் போட்டுவிட்டேன். மேரிபெத் என்னைக் கட்டிக்கொண்டாள், ஆனால் சீக்கிரம் விட்டுவிட்டாள்.

அவர்கள் வீடு காலி. அடுத்த தெரு வழியாக இனி ரொட்டி வாங்கப் போகக்கூடாது.

செப்டம்பர் 5, சனி

முதல் ஆட்டம். ஜெயித்தோம், அதுவும் அடித்து நொறுக்கி. நாலாவது முயற்சியில் புதுக் கோச் பந்தை உதைக்காமல் துணிந்து முன்னே போகச் சொன்னார். பையன்களும் தள்ளிக்கொண்டு போனார்கள். லைல் அழுதே விட்டான். "இதுக்குத்தானேப்பா இத்தனை வருஷம்?" என்று என்னைப் பிடித்து உலுக்கினான். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து மேரிபெத்துக்குப் போன் போட்டேன். காரெட்டின் அணி தோற்றுவிட்டதாம். அடுத்த மாதம் ஒரு ஆட்டத்துக்கு வரட்டுமா என்று கேட்டேன்.

"வாங்கப்பா. ஆனா ஸ்டேடியத்துக்கு வேண்டாம், வீட்டோட இருங்க. டெஸ்ஸை நான் இப்பல்லாம் கூட்டிட்டுப் போறதில்ல."

"ஏம்மா?"

"பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க காரெட்டைப் பாத்துக் கத்துறாங்க."

"என்னன்னு கத்துறாங்க?"

"உங்களுக்குத் தெரியாததாப்பா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.