அனுமதிச் சீட்டில் நான் எழுதிய உறவு

என் கோமதிக்கு,

இராஜபாளையத்திலிருந்து கா. சண்முகசுந்தரம் எழுதுகிறேன். ஓராண்டுக்கு முன் என் கையால் நேர்ந்த ஒரு தவறான பதிவைத் திருத்துவதே இக்கடிதத்தின் நோக்கம். பதினான்கு வருடம் உன்னை 'நீங்கள்' என்றே அழைத்தேன். உன் பெயருக்கு முன்னால் 'என்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. இன்று இரண்டையும் மாற்றியிருக்கிறேன். ஆட்சேபம் இருந்திருந்தால் முதல் வரியிலேயே சொல்லியிருப்பாய்.

உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பின்னால் இதை யாராவது எடுத்துப் படித்தால், அவர்களுக்கு நம்மைத் தெரியாது.

நீ தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். நான் நூற்பாலை அலுவலகத்தில் எழுத்தர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் அப்போது உன்னிடம்தான் பதிவு செய்ய வேண்டும். ஊர், எண், பேச வேண்டியவர் பெயர், சாதாரணமா அவசரமா என்ற வரிசை மாறாமல் சொல்வேன். பத்து மணிக்குத் தருவதாகச் சொன்ன இணைப்பை நான்கு நிமிடம் தாமதித்துத் தந்ததாக உன்மீது புகார் எழுதியவனும் நான்தான். மறுநாள் நீ கோபப்படவில்லை. "டூ ஒன் செவன், உங்க வாட்சை ரேடியோ நியூஸோட வச்சுப் பாருங்க. பொறவு எழுதுங்க," என்றாய்.

பார்த்தேன். என் கடிகாரம் நான்கு நிமிடம் வேகம். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இன்னொரு கடிதம் எழுதினேன். அந்த அலுவலகத்துக்கு வந்த கடிதங்களில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை என்று பின்னால் சொல்லிச் சிரித்தாய். ஆலையின் எண்ணே உன் வாயில் என் பெயராகிப்போனது. தானியங்கி நிலையம் வந்து எண்கள் நீண்ட பிறகும் நான் டூ ஒன் செவன்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவேன். உன் தம்பி முருகன் வீட்டில் முன்அறை உன்னுடையது. முருகன் குடும்பத்தோடு சாப்பாடு, நான்கு மணிக்கு ஏலக்காய் போட்ட டீ, ஐந்தரைக்குத் திரும்பும் பஸ். பஸ்ஸில் தெரிந்தவர்கள் யாராவது, "என்ன சார், கோயிலுக்கா?" என்பார்கள். ஆமாம் என்பேன். கோபுரம் கண்ணில் படும் தூரம் வரை போனேன் என்பதால் அது முழுப் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சட்டப்படி உனக்கு ஒரு கணவர் இருந்தார். கல்யாணமான இரண்டாம் வருடமே சேத்தூரில் வேறொரு பெண்ணோடு குடியேறி, பிள்ளைகளும் பெற்றுவிட்டவர். வழக்குப் போடலாமே என்று ஒரே ஒருமுறை கேட்டேன். "அந்த ஆளு ஏன் போனாருன்னு கோர்ட்டுல நாலு பேரு முன்னால நான் சொல்லணுமாக்கும்? பேசாம சாப்பிடுங்க," என்றாய். பேசாமல் சாப்பிட்டேன். ஆக, உனக்கும் எனக்கும் பொருந்தியிருக்க வேண்டிய சொல் சேத்தூரில் இருந்தது. பிறருடைய பதவிப் பெயரைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

மதுரையில் நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, உடன் இருப்பவருக்கான அனுமதிச் சீட்டை என்னிடம் நீட்டினார்கள். உறவுமுறை என்று ஒரு கட்டம். அலுவலகத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிவத்தைத் திருப்பி அனுப்புகிறவன் நான். 'கணவர்' என்று எழுதினால் பொய். 'நண்பர்' என்று எழுதினால் வார்டில் உன்னை எப்படிப் பார்ப்பார்கள்? பேனா வெகுநேரம் நின்றது. கடைசியில் 'தெரிந்தவர்' என்று எழுதிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டேன்.

நீ கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு அதைப் படித்தாய்.

"தெரிஞ்சவரா? பால்காரரும் எனக்குத் தெரிஞ்சவருதான், டூ ஒன் செவன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். பின் என்ன எழுத வேண்டும், சொல்லுங்கள் என்றேன். "நான் சொல்லி நீங்க எழுதினா அது டிக்டேஷன். நீங்களா யோசிச்சு எழுதுங்க," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நாளைக்கு மாற்றி எழுதிவிடுகிறேன் என்றேன். விடிந்தபோது சீட்டுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

உன்னை எடுத்துச் சென்ற அன்று, உன் அலுவலகத்திலிருந்து வந்தவர்களோடு தெருவின் எதிர்ப்பக்கம் நின்றேன். நான் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

இங்கே செய்திகள் உண்டு. முருகன் மகள் செல்வி பிளஸ் டூ தேறிவிட்டாள். உன் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு திரிகிறாள். பஸ் நிலையத்துக்கு எதிரே இன்னும் இரண்டு எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டன. யாரும் யாரிடமும் எண் சொல்லிக் காத்திருப்பதில்லை.

பத்து நாளுக்கு முன் முருகன் ஆலைக்கே வந்தான். முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்குச் சுவரொட்டி அடிக்க எழுதி வைத்திருந்தான். கீழே தம்பி, தம்பி மனைவி, மருமகள் செல்வி என்று வரிசை. எல்லோருக்கும் மேலே என் பெயர். பெயருக்கு அடியில் வெறும் புள்ளிகள். "சார், இதுல என்ன போடணும்னு நீங்களே எழுதிக் குடுங்க," என்றான்.

செல்விக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டிய வீடு, ஊரில் கேட்பார்கள், சேத்தூர் வரை தெரியும் என்றெல்லாம் சொன்னேன்.

"அக்கா இருக்கும்போதே கேட்டு முடிச்சிட்டாங்க சார். சேத்தூர்லயும் ஒட்டத்தான் போறேன்."

போன ஞாயிற்றுக்கிழமை, புள்ளிகளுக்கு மேல் பென்சிலால் 'குடும்ப நண்பர்' என்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வீடு பூட்டியிருந்தது, வன்னியம்பட்டியில் ஏதோ கல்யாணமாம். பக்கத்துக் கடை ரஹ்மத் அக்கா ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பதினான்கு வருடமாக என்னைப் பார்க்கிறவர். அன்றுதான் முதன்முறையாகப் பேசினார்.

"கோமதி வீட்டு டீயில மத்த நாளு ஏலக்காயே கெடையாது, தெரியுமா? ஞாயித்துக்கெழமைன்னா காலையிலயே கடைக்கு வந்துருவா. 'எங்க அவிய வாராவ, ஏலக்காய் குடுங்கக்கா'ம்பா."

கடையில் வேறு ஆட்கள் இருக்கும்போதுமா என்று கேட்டேன்.

"கடை நெறைய ஆளு நிக்கும். அவளுக்கென்ன?"

நம் பக்கத்தில் ஒரு பெண் 'எங்க அவிய' என்றால் தன் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறாள், யாரை என்று யாரும் கேட்பதில்லை. நான் பஸ்ஸில் கோயில் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே ஞாயிற்றுக்கிழமைகளில், நீ கடைவாசலில் நின்று அதைச் சொல்லியிருக்கிறாய். என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை? நானாக வந்து சேரட்டும் என்றா? முருகன் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

பதிவேட்டில் பிழை நேர்ந்தால் அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. பழைய சொல் படிக்கும்படி அதன்மேல் ஒரே ஒரு கோடு. மேலே சரியான சொல். பக்கத்தில் எழுதியவரின் சுருக்கொப்பம். எனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே கெட்ட பெயர் வாங்கியவன் நான். உன் வார்டுச் சீட்டு என் டைரியில் இருக்கிறது. சற்றுமுன் அதை எடுத்து, 'தெரிந்தவர்' என்பதன்மேல் ஒரு கோடு போட்டேன். மேலே 'துணைவர்' என்று எழுதி ஒப்பமிட்டேன். நாம் ஒரே வீட்டில் வாழ்ந்ததாக அது சொல்லவில்லை. சேத்தூர்க்காரரின் சொல்லையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவருக்கொருவர் துணையாக இருந்தோமா என்று கேட்டால், எந்த நீதிமன்றத்திலும் சத்தியம் செய்வேன். நீ சொன்ன சொல்லை அச்சில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அது உன் குரலோடு இருக்கட்டும்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறேன். பென்சில் எழுத்தின்மேல் கோடு போட்டு இதே சொல்லை எழுதி, அச்சகத்தில் நின்று பிழை பார்த்துத் தருவேன். முருகன் ஒட்டப் போகும்போது பசை வாளியை நான் பிடித்துக்கொள்வேன், சேத்தூர் வரையில். பஸ்ஸில் யாராவது கோயிலுக்கா என்று கேட்டால், இல்லை, கோமதிக்கு முதலாம் ஆண்டு, அதற்குப் போகிறேன் என்பேன். கோமதி யார் என்று கேட்பார்கள். கேட்கட்டும், சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அவிய,
டூ ஒன் செவன்