இன்ஷிராஹின் இடுப்பு

12 அக்டோபர் 1934

ஐஸ் வண்டி இன்றும் வரவில்லை. படம் கழுவும் தண்ணீர் இப்படிச் சுட்டால் கண்ணாடித் தகட்டில் இருக்கும் மருந்து உருகி வழிந்துவிடும். அந்தக் கவலையோடுதான் கேமராவை நிறுத்தினேன். நடன அரங்கு முதலாளி மித்ரி, புது சீசன் விளம்பரத்துக்காக இன்ஷிராஹை அழைத்து வந்திருந்தார். கெய்ரோவில் இப்போது அவள் பெயருக்குத்தான் கூட்டம்.

ஜிகினாக் கச்சை, தொப்புளுக்குக் கீழே பாவாடை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். கேமராவின் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்தாள். கொக்கி எட்டாமல் பாவாடையை ஊக்கால் பிணைத்திருந்தாள். கை அடிக்கடி அடிவயிற்றுக்குப் போனது. நானும் பெற்றவள்தானே, எனக்குத் தெரியாதா?

ஒரு சல்லாத் துணியைக் கொடுத்து இடுப்புக்கு முன்னால் பிடிக்கச் சொன்னேன்.

"துணியைப் படம் பிடிக்கவா கூட்டிட்டு வந்தேன்? வயிறு தெரியணும், சிர்வார்த்" என்றார் மித்ரி.

ஜிகினா வெளிச்சத்தில் படம் வெளுத்துப்போகும் என்றேன். பொய்.

13 அக்டோபர்

துணியையும் மீறித் தெரிகிறது. நெகட்டிவில் வயிற்றின் ஓரத்தைக் கத்தியால் சுரண்டி, பென்சிலால் டச்சிங் செய்து, இல்லாத இடுப்பை உண்டாக்கினேன். மித்ரி அனுப்பும் ஆட்டக்காரிகளை நம்பித்தான் இந்த ஸ்டூடியோ ஓடுகிறது. அவரை ஏமாற்றுகிறேன் என்று தெரிந்தே ஏன் செய்தேன்?

15 அக்டோபர்

இன்ஷிராஹ் தனியாக வந்தாள். வயலின் வாசிக்கும் ஹலீமை ரகசியமாகக் கல்யாணம் செய்திருக்கிறாள். அவன் ஒரு குழுவோடு பெய்ரூட் போனவன், கடிதம் இல்லை. மித்ரிக்குத் தெரிந்தால் அன்றே வெளியே அனுப்பிவிடுவார்.

"நோன்பு மாசம் அரங்கை மூடிடுவாங்க. அதுவரைக்கும் ஆடிட்டா போதும் அக்கா. நீங்க மட்டும் வாயைத் திறக்காதீங்க."

நோன்பு மாதம் எங்கே இருக்கிறது! வயிறு அதுவரை பொறுக்குமா?

1 நவம்பர்

தெருவெங்கும் சுவரொட்டி. போகிற இடமெல்லாம் நான் வரைந்த இடுப்பு.

மித்ரி காபி குடிக்க வந்தார். "படத்துல இருக்கிற இடுப்பு மேடையில காணோமே" என்றார், சிரிக்காமல். அவள் ஹல்வாவை வெளுத்துக் கட்டுகிறாள் என்று சொல்லி வைத்தேன். நம்பினாரோ என்னவோ.

9 நவம்பர்

விழுந்துவிட்டாள். ஒத்திகையில், பின்னால் வளைந்து தலை தரையைத் தொடும் இடத்தில். தபேலாக்காரர் தூக்கிவந்து என் ஸ்டூடியோ சோபாவில் கிடத்தினார் — அடுத்த கட்டிடம்தானே. மருத்துவர் வந்து பார்க்கும்வரை எனக்கு உயிரே இல்லை. குழந்தைக்கு ஒன்றுமில்லை. எழுந்திருக்கக் கூடாது என்றார்.

அவளோ நாளைக்கு ஆடப் போகிறேன் என்கிறாள்! படத்தில் இருப்பது போல ஆகத்தான் மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டாளாம். என் படத்தைப் போல. கடவுளே, நான் என்ன செய்துவிட்டேன்?

மித்ரி வாசலில் வந்து நின்றார். சொல்ல வேண்டாமென்று அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். சொல்லிவிட்டேன்.

"மாசமா இருக்கா. படம் எடுத்த அன்னைக்கே எனக்குத் தெரியும். இனிமே ஆட மாட்டா."

அவர் கத்தவில்லை. கையிலிருந்த தர்பூஷ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

20 டிசம்பர்

நோன்பு நடக்கிறது. மித்ரியிடமிருந்து ஒரு ஆட்டக்காரிகூட வருவதில்லை. பாஸ்போர்ட் முகங்களும் ஞானஸ்நானக் குழந்தைகளும்தான். இன்ஷிராஹ் அன்றிலிருந்து என் வீட்டில்தான். இன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "சும்மா உட்காந்திருந்தா பைத்தியம் பிடிக்குது. அந்த டச்சிங் பென்சிலை இப்படிக் குடுங்க" என்றாள்.

28 மார்ச் 1935

பெண் குழந்தை. இருவரும் நலம். பெய்ரூட்டிலிருந்து இன்னும் ஒன்றுமில்லை.

17 மே

மித்ரி வந்தார், ஒரு புதுப் பெண்ணோடு. அதே உடை, அதே நிலை, பக்கவாட்டில் முகம். பெயரையும் மாற்றவில்லையாம், இவளும் இன்ஷிராஹ்தானாம். "சுவரொட்டியில பாத்துப் பழகின பேரு. எதுக்கு மாத்தணும்?" என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாடகை பாக்கி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன்.

"இன்ஷிராஹ், முகத்தைத் தூக்கு" என்றார் மித்ரி.

அந்தப் பெண் அசையவில்லை. பெயர் பழகவில்லை. திரைக்குப் பின்னால், டச்சிங் மேசையிலிருந்து, "ம்?" என்று ஒரு குரல் வந்தது.

பிறகு பென்சில் சத்தம் மறுபடி கேட்டது. நான் கேமராவின் ரப்பர் பல்பை அழுத்தினேன்.