ஆறும் ஏழும்

மார்ச் 3, ஞாயிறு

மன்றத்தின் போக்கர் போட்டியில் இன்றும் ஏழாவது இடம். மூன்று மணி நேரம் நல்ல சீட்டுக்காகக் காத்திருந்தேன். ஒருவழியாக ஏஸ் ஜோடி வந்தது. பந்தயச் சில்லுகளை முன்னே தள்ளினேன். சொல்லி வைத்த மாதிரி அத்தனை பேரும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டார்கள்.

திரும்பும்போது வண்டியில், கூட ஆடிய என் வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. "நீ சில்லுல கை வச்சாலே ஓடிடுறாங்க. பொய் சொல்லத் தெரியாத மூஞ்சி உனக்கு!"

மார்ச் 5

மூக்குக் கண்ணாடிக் கடையில் ஒருவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நான் கை வைத்தாலே ஓடுகிறார்கள் என்றால், கையில் நல்ல சீட்டு எதற்கு?

மார்ச் 10, ஞாயிறு

கிளாவரில் ஆறும் ஏழும். வழக்கமாகத் தூக்கிப் போடுவேன். மேஜையில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் சீட்டுகளில் பொருத்தமானவை விழுந்தால் ஐந்து சீட்டு வரிசையாகச் சேரும், விழாவிட்டால் மிரட்டலாம். மூன்று மடங்கு வைத்தேன்.

"மேடம் வச்சா சரியாத்தான் இருக்கும்" என்று பல் டாக்டர் பெருமூச்சுவிட்டு, ராணி ஜோடியைக் காட்டிவிட்டுக் கவிழ்த்தார். ராணி ஜோடி! சிரிப்பை அடக்க இருமினேன். பாவம், அவரே தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாவது இடம்.

மார்ச் 17, ஞாயிறு

தலைக்கனம். ஓய்வுபெற்ற பஸ் டிரைவரிடமே வாலாட்டினேன். "என்னதான் வச்சிருக்கீங்கன்னு பாத்துடலாம்மா" என்றார். பார்த்தார். முதல் ஆளாக வெளியே வந்தேன். ஓடாத ஆளை மிரட்டி என்ன பயன்?

மார்ச் 24, ஞாயிறு

வெளியூர்ப் போட்டிக்கு மன்றத்திலிருந்து ஜெயிக்கும் ஒருவர்தான் போகலாம். மூன்று வருடமாக வீட்டுக்காரரே போகிறார். இன்று எல்லோரும் கழன்று கடைசியில் நானும் அவரும்.

ஐந்து முறை வெறுங்கையோடு மிரட்டினேன். ஐந்து முறையும் கவிழ்த்தார். ஆறாவது முறை எனக்கு மறுபடி ஆறும் ஏழும். மேஜையில் ஐந்து, எட்டு, ராஜா. ஏற்றினேன், விடாமல் கூடவே வந்தார். அடுத்து விழுந்தது ஒன்பது. வரிசை சேர்ந்துவிட்டது! எல்லாவற்றையும் தள்ளினேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"அடிப்பாவி... இத்தன நேரம் பொய்யா சொல்லிட்டிருந்தே? இதுவும் பொய்தான்!"

இருந்த சில்லையெல்லாம் வைத்தார். கையில் ராஜாவும் ஏஸும். நான் சீட்டைத் திருப்பினேன்.

மார்ச் 25

காலையில் வீட்டுக்காரர் காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை இல்லை — மறந்தாரா, வேண்டுமென்றா?

ஏப்ரல் 7, ஞாயிறு

வெளியூர். பெரிய கூடம், தெரியாத முகங்கள். வேடிக்கை பார்க்க வீட்டுக்காரரும் வந்திருந்தார். ஆட்டம் தொடங்குமுன், என்னோடு உட்காரப்போகிறவர்களிடம் அவர் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது:

"என் வீட்டுக்காரிங்க. ரொம்பப் பயந்த சுபாவம். நல்ல சீட்டு இல்லாம கையே வைக்க மாட்டா."