கூலிங் காயில் கசிந்த கோடை

மார்ச் 3, செவ்வாய்

கார் ஏசி மறுபடியும் அனலாக ஊதுகிறது. போன மாதம்தான் கேஸ் நிரப்பினோம். பிசியோதெரபிக்குப் போகும் வழியில், சிக்னலில் நின்றபோதே என் வீட்டுக்காரர் முகம் சிவந்துவிட்டது. உடம்பு சூடேறினால் அவருடைய நரம்புகள் வேலைநிறுத்தம் செய்யும். கால் பின்னும், நாக்கு தடிக்கும். கிளினிக் வாசல்வரை போயும் இறங்க முடியவில்லை. அப்படியே திரும்பி வந்தோம்.

நாத்தனார் போனில் சொன்னாள்: “வெயில் தணியற வரைக்கும் தெரபிய நிறுத்திடுங்க அண்ணி.” நிறுத்தினால் இருக்கிற நடையும் போய்விடும் என்று டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மனுஷனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும்தான்.

மார்ச் 5, வியாழன்

ஏசி மெக்கானிக்கிடம் போனோம். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘ஐஸ்’. ஆனால் ஆளைப் பார்த்தால் எந்நேரமும் வேர்த்து ஒழுகிக்கொண்டிருக்கிறார்.

“கேஸ் என்ன பெட்ரோலாக்கா, ஓட ஓடத் தீர? குறையுதுன்னா எங்கயோ ஓட்டை. அதை அடைக்காம ஊத்துறது ஓட்டைக் குடத்துல தண்ணி எடுக்கிற கதைதான்.”

கேஸோடு ஒரு சாயத்தையும் ஏற்றினார். கசிகிற இடம் ஊதா விளக்கில் பச்சையாக மின்னுமாம். சில நாள் ஓட்டிவிட்டு வரச் சொன்னார்.

மார்ச் 10, செவ்வாய்

மின்னியது! பானெட்டுக்குள் ஒரு குழாய் இணைப்பில் பச்சை. உள்ளே ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. மாற்றி, புதிதாக கேஸ் ஏற்றினார். வீடு வரை குளுகுளுவென்று வந்தோம்.

மார்ச் 12

தெரபி. கம்பியைப் பிடிக்காமல் நடந்தார்.

மார்ச் 16, திங்கள்

காரில் ஏசியைப் போட்டதும், “வா… வாசனை…” என்று ஆரம்பித்தார். வார்த்தை வர நேரமாகும் அவருக்கு. “வாசனை அட்டை வேணுமா? வாங்கிடறேன்” என்றேன். தலையை ஆட்டினார். ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். எலுமிச்சை மணத்தில் ஒன்று வாங்கி, கண்ணாடியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

அந்த அட்டையைப் பிய்த்து ஜன்னல் வழியே வீசிவிட்டார். கோபம் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷன். என்ன ஆச்சு இவருக்கு? நோய் புத்தியையும் தொட்டுவிட்டதா? எழுதவே கை கூசுகிறது.

மார்ச் 24

குளிர் மறுபடியும் குறைகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் நின்றுவிடுமா என்ன?

மார்ச் 26, வியாழன்

ஐஸ் விளக்கைப் பிடித்து மூலைமுடுக்கெல்லாம் தேடினார். ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. தலையைச் சொறிந்தார். “கம்ப்ரசரா இருக்குமோ? மாத்திப் பார்த்துடலாமாக்கா?”

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். முன் சீட்டிலிருந்து அவர் கதவைத் தட்டினார். “வாசனை…”

“அது ஒண்ணும் இல்லப்பா, இவருக்கு அந்த வாசனை அட்டை—”

“இருங்கக்கா. சார் சொல்லட்டும்.”

ஐஸ் ஜன்னலில் கையூன்றிக் குனிந்து நின்றார். கடைக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டும் திரும்பவில்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

“காலையில… மொதல்ல ஏசி போட்டதும்… இனிப்பா… எண்ணெய் வாசம். அப்புறம்… போயிடும்.”

“எங்கிருந்து சார் வருது?”

“கால்… கிட்ட. என் பக்கம்.”

ஐஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். “நான் வெளிய தேடிட்டிருக்கேன், அது வீட்டுக்குள்ளயே உட்கார்ந்திருக்கு!” ஏசி தண்ணீர் வண்டிக்கு அடியில் சொட்டும் குழாயில், கேஸை மோப்பம் பிடிக்கும் கருவியை நுழைத்தார். கீச்கீச்சென்று கத்தியது. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில்தான் கசிவு. டேஷ்போர்டையே கழற்ற வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. நாற்றத்தைக் காட்டித் தந்த மனுஷனுக்கு, அதை மூடி மறைக்க ஒரு அட்டை! அவர் பேச்சை எல்லாம் நான் ஏன் முடித்துவைக்கிறேன்? உதவி என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? ஐயோ, இல்லை இல்லை என்று எத்தனை தடவை தலையை ஆட்டினாரோ, நான் ஆமாம் ஆமாம்னு போய்க்கிட்டே இருந்திருக்கேன்.

மார்ச் 28, சனி

டேஷ்போர்டு இல்லாத கார், தோலுரித்த மாதிரி ஒயரும் குழாயுமாகக் கிடந்தது. நானும் வருவேன் என்று அவர் பிடிவாதம். பெரிய மின்விசிறி முன்னால் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

காயிலின் கீழ் ஓரத்தில் மக்கிய இலைச் சருகுகள். அந்த ஈரம் அலுமினியத்தை அரித்திருக்கிறது. விளக்கைக் காட்டியதும் பச்சை. “பாருங்க சார், நீங்க பிடிச்ச திருடன்” என்று ஐஸ் அதை அவர் மடியில் வைத்தார். அவர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

“இதே… தான்.”

மார்ச் 30

புதுக் காயில். குழாய்களுக்குள் நைட்ரஜனை அடைத்து ராத்திரி முழுக்க விட்டிருந்தார்களாம். கசிந்தால் அழுத்தமானியின் முள் இறங்குமாம்; இம்மிகூட இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் கேஸ்.

ஏப்ரல் 23, வியாழன்

குளிர் அப்படியே இருக்கிறது. வெளியே மண்டை பிளக்கிற வெயில், உள்ளே இவர் சால்வை கேட்கிறார். தெரபி ஒரு நாள்கூடத் தவறவில்லை.

மே 21, வியாழன்

சாயங்காலம் ஐஸ் போன் செய்தார். நலம் விசாரித்தேன். “அக்கா, சார் இருக்காரா? ஒரு வண்டி வந்து படுத்துது. அவர்கிட்ட கொஞ்சம் பேசணும்.”

கொடுத்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு பேசினார். நடுவில் ஒரு வார்த்தைக்குத் திணறினார். அந்தப் பக்கமும் சத்தமில்லை. என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும்.

எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனேன்.