கப்பலுக்கு ஒரு நாள் முன்னால்

மருமகளுக்கு இன்று காலையிலிருந்து தலைவலி. அலமாரியைத் துழாவி, சிங்கப்பூரில் நீ வாங்கிய கோடாலித் தைலத்தில் மிச்சமிருந்த புட்டியை எடுத்துத் திறந்தாள். அந்தக் காரமான வாசம் கூடத்தைத் தாண்டி அடுப்படிக்கு வந்தது. கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "என்னத்தே, உங்களுக்கும் தலைவலியா?" என்று கேட்டாள் அவள். இல்லை என்று தலையாட்டினேன். நீ வந்திருந்தாய் என்று எப்படிச் சொல்வது?

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. போனபோது அழுதேன், அதற்குப் பிறகும் அழுதேன். இன்று அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தத் துறைமுகம்தான். அதை உன்னிடமே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அங்கே நீயும்தான் இருந்தாய். ஆனாலும் நீ எப்படி இருந்தாய் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஸ்ரீரங்கத்தில் நாம் மாவுக் கடை போட்டபோது நமக்கு இடுப்பு வலி என்றால் என்னவென்றே தெரியாது. கணவர் தவறி, மகளைச் சென்னையில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாய் நீ. எனக்கு வீடு நிறைய ஆட்கள், பேசத்தான் யாருமில்லை. இரண்டு கிரைண்டரோடு ஆரம்பித்தோம். கடைக்கு லீவு என்பதே கிடையாது. ஊர் தினமும் இட்லி சாப்பிடுகிறது. ஏகாதசியன்று கொஞ்சம் குறையும், அதையும் சேர்த்து மறுநாள் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். சமயபுரத்துக்குப் போவதென்றால்கூட நீ ஒரு நாள், நான் ஒரு நாள் என்று மாற்றி மாற்றித்தான் போனோம். சேர்ந்து ஓர் ஊருக்கும் போனதில்லை.

ஒருநாள் மாவு வாங்க வந்த பெண் ஒருத்தி, மகன் கூட்டிப்போன கப்பல் பயணத்தைக் கைபேசியில் காட்டினாள். சிங்கப்பூரில் ஏறிக் கடலில் சுற்றிவிட்டுத் திரும்ப அங்கேயே இறங்குவது. பெரிய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று தண்ணீரில் நிற்பது போல இருந்தது. அவள் போனதும் நீ என் பக்கம் திரும்பினாய். கை முழுக்க உளுந்து மாவு.

"வசந்தா, நாம போறோம்."

"எங்க?"

"இதுலதான். அறுபது வயசாகப் போகுது. இன்னும் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினதையே பெருசாச் சொல்லிக்கிட்டிருக்கோம்."

வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரித்த சிரிப்பு உனக்கு நினைவிருக்கும். "மாவு வாளியோட கப்பல்ல ஏறப்போறீங்களா?" என்றார். நீ வாசலில் நின்றபடியே, "ஆமாண்ணே, வாளியைத்தான் முதல்ல ஏத்துவோம்" என்றாய்.

தில்லைநகரில் ஒரு பயண முகவரிடம் கப்பலுக்குப் பதிவு செய்தோம். விமானம் நம் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஆரம்பித்தது என் பாடு. கிரைண்டர் ஓடும்போதெல்லாம் கைபேசியில் திருச்சி–சிங்கப்பூர் விலை பார்ப்பேன். மலிவு விமானங்களின் விலை ஒரு நிலையில் நிற்காது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இறங்கினால் இன்னும் இறங்கும் என்று காத்திருப்பேன், ஏறினால் மறுபடி இறங்கும் என்று காத்திருப்பேன். "ஆஃபர் போடுவாங்க, பொறு" என்று இவர் வேறு ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார்.

நீ வேறு காரணத்துக்காகப் பொறுத்திருந்தாய். உன் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதார் அட்டையில் இன்னொரு பெயர். பாஸ்போர்ட் இழுத்துக்கொண்டே போனது. "அது கைக்கு வராம டிக்கெட் போடக் கூடாதுடி. மலிவு டிக்கெட்டு, ஒரு எழுத்துத் தப்பா விழுந்தாலும் போச்சு" என்றாய். தபால்காரர் அதைக் கொண்டுவந்து கொடுத்த அன்று கையைக்கூடக் கழுவாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"போட்டுடலாம். இப்பவே."

"அடுத்த வாரம் விலை குறையும்னு இவர் சொல்றாரேடி."

"குறையட்டும். கூடவும் கூடலாம். நமக்குக் கட்டுப்படியாகிற விலை இன்னிக்கு இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்ப முடிஞ்சது. கப்பல் தேதி மாறப் போறதில்ல. தினம் தினம் இதைப் பாத்து நீ உளுந்துக்கு உப்புப் போட மறக்குற."

அடுத்த சண்டை எந்த நாளில் பறப்பது என்பதில். கப்பல் சாயங்காலம் கிளம்புகிறது. அன்று விடியற்காலை விமானம் ஏறினால் மத்தியானம் போய்ச் சேரலாம், ஓட்டல் செலவு மிச்சம். முகவர் அதைத்தான் சொன்னார், இவரும் அதைத்தான் சொன்னார், எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. நீ ஒரே பிடியாக, முதல் நாளே போக வேண்டும் என்றாய். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நான் கேட்டபோதுதான், அத்தனை வருஷப் பழக்கத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னாய்.

பச்சைமலையில் உன் ஊருக்கு அப்போது ஒரே பஸ். நர்ஸ் படிப்புக்குத் திருச்சியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மரவள்ளிக் காட்டுக்குக் குறுக்கே நீயும் உன் அப்பாவும் ஓடிவந்தீர்கள். பஸ் நிற்பது தெரிந்தது. கை காட்டினீர்கள், கத்தினீர்கள். உள்ளே இருந்தவர்கள் உங்களைப் பார்த்தார்கள். பஸ் கிளம்பிவிட்டது.

"ஒருத்தராவது நிறுத்தச் சொல்லியிருக்கலாம்டி" என்றாய். "ஒரே ஒருத்தர். அவ்வளவுதான் வேண்டியிருந்துச்சு."

அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை. கப்பலுக்கு முந்தைய நாள் விமானத்தைத் தேர்ந்தெடுத்தேன். கடைசிப் பொத்தானுக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டேன். "அமுக்குடி" என்றாய். அமுக்கினேன்.

அடுத்த வாரம் விலை கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. இவர் அதைப் பெரிய வெற்றிபோல் வந்து சொன்னார். நீ அசரவே இல்லை. "இருக்கட்டுமேண்ணே. ஒரு வாரம் நிம்மதியாத் தூங்கினோம். அதுக்கு என்ன விலைன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாய்.

முகவர் அலுவலகத்தில் அதே கப்பலுக்குப் பதிவு செய்திருந்த காட்டூர் தம்பதியைச் சந்தித்தோம் அல்லவா? அந்த அம்மா பெரிய அறுவை சிகிச்சை முடிந்து எழுந்திருந்தார். தலைமுடி அப்போதுதான் குட்டையாக வளர ஆரம்பித்திருந்தது. "உயிரோட எழுந்து வந்தா கடலைக் காட்டுறேன்னு சொல்லியிருந்தேன்மா, அதான்" என்றார் அவர் கணவர், மனைவிக்குக் கேட்காத குரலில். அவர்கள் கப்பலன்று விடியற்காலை விமானம் எடுத்திருந்தார்கள். அந்த அம்மா உன் கையைப் பிடித்து எண் வாங்கிக்கொண்டார். "கப்பல்ல பாப்போம்" என்றார்.

நம் விமானம் ஒரு குறையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. லிட்டில் இந்தியாவில் சின்ன அறை. மறுநாள் காலை பூரி மசால் சாப்பிட்டோம், பூக்கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தோம், நீ பேரம் பேசித் தைலம் வாங்கினாய். "ஒரு நாள் ஓட்டல் காசு தைலத்துக்குத்தான் போச்சு" என்று நான் கேலி செய்தேன். அப்போது உன் கைபேசி அடித்தது. காட்டூர் அம்மா. விமானம் இன்னும் கிளம்பவில்லை, திருச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறோம் என்று அழாத குறையாகச் சொன்னார். கடைசியில் அது கிளம்பியபோது வெயில் ஏறியிருந்தது.

துறைமுகக் கட்டடத்துக்கு நாம் சீக்கிரமே போய்விட்டோம். பெட்டிகளைக் கொடுத்தோம், கப்பலேறும் அட்டை வாங்கினோம். உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி. நீ போகவில்லை. பதிவு நடக்கும் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாய். கூட்டம் கரைந்தது. வரிசை போட்டிருந்த கயிறுகளைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். காட்டூர் ஐயா இரண்டு முறை பேசினார்: முதலில், இறங்கிவிட்டோம், குடியேற்ற வரிசையில் நிற்கிறோம் என்று; பிறகு, டாக்ஸியில் ஏறிவிட்டோம் என்று. கண்ணாடிக்கு அப்பால் நம் கப்பல் நின்றது. நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வாடி, நாம போயிடலாம். நாம நின்னு என்ன ஆகப் போகுது?"

"நிக்கிறது ஒண்ணாவது ஆகும்ல."

மேஜையில் இருந்தவர் தமிழர். உன்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். "அம்மா, மூடப் போறோம். நீங்க உள்ள போயிடுங்க."

"இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க தம்பி. டாக்ஸியில ஏறிட்டாங்க. அந்த அம்மா உடம்பு முடியாம இருந்து எழுந்தவங்க."

"கப்பல் யாருக்காகவும் நிக்காதும்மா. நீங்களும் விட்டுடுவீங்க."

"கப்பலை நிறுத்தச் சொல்லலை தம்பி. இந்த மேஜையைக் கொஞ்சம் திறந்து வையுங்கன்னுதான் கேக்குறேன். மூடித்தான் ஆகணும்னா மூடுங்க. எங்க ரெண்டு பேரையும் வெளியில வச்சே மூடுங்க."

என்னையும் சேர்த்துச் சொல்கிறாய், என்னைக் கேட்கவே இல்லை! ஆனால் உன் முகத்தைப் பார்த்தேன். அதில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. மரவள்ளிக் காட்டிலிருந்து ஓடிவந்த பெண் அந்தப் பஸ்ஸுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து, இன்னும் யாரோ வருகிறார்கள் என்று ஓட்டுநரிடம் சொல்வதைப் போல இருந்தது. நான் போய் உன் பக்கத்தில் நின்றேன். "ஆமா தம்பி, எங்க ரெண்டு பேரையும்தான்" என்றேன். என் குரல்தானா அது என்று எனக்கே சந்தேகம்.

அவர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு யாருக்கோ பேசினார், ஆங்கிலத்தில், வேகமாக. வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் பாஸ்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு வரச் சொல்லுங்க. நேரா இங்க வரணும்" என்றார். நீ கைபேசியை வாயருகே வைத்து, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி அதைத் திருப்பிச் சொன்னாய்.

அவர்கள் வந்தார்கள். ஐயா தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். அந்த அம்மா புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்தபடி, நீலத் துண்டு கட்டிய தலையோடு, குழந்தைபோல ஓடிவந்தார். நீ கையை உயர்த்தி, "இங்க! இங்க வாங்க!" என்று கத்தினாய். கயிறு சுருட்டிக்கொண்டிருந்த பெண்கள் கைதட்டினார்கள். அந்தத் தமிழர்கூடச் சிரித்துவிட்டார். நாம் நால்வரும்தான் கடைசியாக ஏறினோம்.

மேல்தளத்தில் அந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து அழுதார். அவர் கணவர் உன்னைக் கும்பிட்டார். "நீங்க முதல் நாளே வந்திருக்காட்டி நாங்க இங்க இல்லம்மா" என்றார். நீ என்னிடம் குனிந்து, "பாத்தியா, அந்த ஒரு நாள் நமக்கு மட்டும் இல்லைடி" என்றாய். கப்பல் நகர்ந்தது. நீ இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, கரையைப் பார்த்து, "ஸ்ரீரங்கம்! இன்னிக்கு மாவு கிடையாது!" என்று கத்தினாய். பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் ஒன்றும் புரியாமலே கைதட்டினார்.

அடுத்த வருஷம் உனக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் சில நாள்தான் இருந்தாய். உன்னை எடுக்கும்போது காட்டூரிலிருந்து அந்த அம்மா வந்திருந்தார், அதற்குள் தோள்வரை முடி. உன் கால்மாட்டில் நின்று, சத்தமாக, "நான் நல்லா இருக்கேன்மா" என்று உனக்குச் சொன்னார். அதைவிடப் பெரிய மாலை எதையும் அன்று யாரும் உனக்குப் போடவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு வந்தது என்ன என்று யோசிக்கிறேன். பொறுமை இல்லை, அது உன்னிடமும் கிடையாது. முடிவெடுத்த பிறகு திரும்பிப் பார்க்காத கழுத்து ஒன்று உனக்கு இருந்தது. அது எனக்கு வந்திருக்கிறது. நான் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறேன். கடையில் யாராவது ஓடிவந்தால் ஷட்டரைப் பாதியில் பிடித்துக்கொள்கிறேன்.

மருமகளும் நானும் வரப்போகும் கோடையில் கப்பல் ஏறுகிறோம். அவளுக்குத் தலைவலி விட்டதும், இருவரும் உட்கார்ந்து விமான டிக்கெட் போட்டோம், கப்பலுக்கு முந்தைய நாளுக்கு. இந்தத் தடவை நான் விரலை எடுக்கவில்லை. இவர் வழக்கம்போல எட்டிப் பார்த்தார்.

"இப்பவே ஏன் போட்டே? அடுத்த வாரம் விலை இறங்கினா?"

"இறங்கட்டுமே" என்றேன். "நான் ஏறிட்டேன்."